கோப்புப் பட்டியல்: எதைத் திறப்பது, எதை மூடுவது

இணையதள முகவரி ஒன்றைப் பிரவுசரில் தட்டினால் வழக்கமாக வருவது படமும் எழுத்துமாக வடிவமைத்த ஒரு பக்கம். சில முகவரிகளில் அப்படி எதுவும் வருவதில்லை. வெள்ளைப் பின்னணியில் ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்று தொடங்கும் தலைப்பு; அதன்கீழ் வரிசையாகக் கோப்புகளின் பெயர், கடைசியாக மாற்றிய தேதி, அளவு. பெயரைத் தொட்டால் கோப்பு திறக்கிறது. மேலே உள்ள ‘பேரன்ட் டைரக்டரி’ என்ற வரியைத் தொட்டால் ஒரு படி மேலேயுள்ள ஃபோல்டருக்குப் போகிறது. இதற்கு ‘டைரக்டரி லிஸ்டிங்’ என்று பெயர். தமிழில் கோப்புப் பட்டியல் எனலாம். இந்தப் பக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்ட நொடியில் ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, சர்வரே தயாரித்துத் தருகிறது.

ஊரறியக் கொடுக்க வேண்டிய கோப்புகளுக்கு இது மிக எளிய வழி. அடுத்தவர் கண்ணில் படக்கூடாத கோப்புகள் உள்ள ஃபோல்டரில் இதே பட்டியல் திறந்து கிடந்தால், அத்தனையும் வெளியே போக அதுவே வழி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அந்த வரியை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியே யோசித்து எழுத வேண்டும். சர்வரோடு வந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது.

மலையடிவாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். ஏலக்காய்த் தோட்டங்களில் பெரும்பகுதி மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் ஏலக்காய் வியாபாரிகளும் நிறையப் பேர் கீழே உள்ள போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் எத்தனை லாட் வந்தது, வந்த எடை எவ்வளவு, விற்ற எடை எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்பதை வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. விலை விவரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இப்படிப்பட்ட ஊரில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு சிறு நிறுவனம் சொந்தமாக இணையதளம் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதன் சர்வரில் மூன்று ஃபோல்டர்கள். ‘விலை’ என்பதில் நாள்தோறும் போடும் விலைத்தாள்கள். ‘படங்கள்’ என்பதில் தோட்டத்தின், தரம் பிரித்த காய்களின் புகைப்படங்கள். ‘கணக்கு’ என்பதில் விவசாயிகளின் வங்கிப் புத்தக நகல், தொழிலாளர்களின் ஆதார் நகல், ஜீப் வாடகை ரசீதுகள். அலுவலகத்தில் இருப்பவர் மூன்றையும் ஒரே இடத்தில் அப்லோடு செய்துவிட்டார். இனி வரும் விளக்கங்களை இந்த மூன்று ஃபோல்டர்களில் பொருத்திப் பார்க்கலாம்.

பட்டியல் எப்படி உருவாகிறது

ஒருவர் பிரவுசரில் ஒரு கோப்பின் முழு முகவரியைத் தந்தால் சர்வர் அந்தக் கோப்பை அனுப்பிவிடும். கோப்பின் பெயரைச் சொல்லாமல், சாய்கோட்டோடு முடியும் ஃபோல்டர் முகவரியை மட்டும் தந்தால் சர்வர் மூன்று படிகளில் முடிவெடுக்கிறது.

முதல் படியில், அந்த ஃபோல்டருக்குள் முகப்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ அல்லது ‘இண்டெக்ஸ்.பிஎச்பி’ என்பதே பெரும்பாலும் அதன் பெயர். இருந்தால் அதைக் காட்டி வேலையை முடித்துக்கொள்கிறது. இல்லையென்றால் இரண்டாம் படி: இந்த ஃபோல்டரில் பட்டியல் காட்ட அனுமதி உண்டா என்று அமைப்புக் கோப்பைப் பார்க்கிறது. அனுமதி இருந்தால் பட்டியலைத் தயாரித்து அனுப்புகிறது. இல்லையென்றால் மூன்றாம் படியாக 403 என்ற எண்ணோடு ‘ஃபர்பிடன்’, அதாவது அனுமதியில்லை என்ற பதிலைத் தருகிறது.

சிக்கல் பெரும்பாலும் முதல் படியில் மறைந்திருக்கிறது. தளத்தின் தலைவாசலில் முகப்புக் கோப்பு இருப்பதால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். உள்ளே இருக்கும் ‘கணக்கு’ ஃபோல்டரில் முகப்புக் கோப்பு இருக்காது. அதை யாரும் தட்டிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். தட்டிப் பார்க்கும் முதல் ஆளுக்கு முழுப் பட்டியலும் கிடைக்கும்.

பழைய வழக்கம், நல்ல நோக்கம்

கோப்புகளை வரிசையாகக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது வலைத்தளங்களுக்கு முந்தைய வழக்கம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தார். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வலைக்கான திட்டத்தை முன்வைத்தபோது, இயற்பியலாளர்கள் ஆவணங்களை ஒருவருக்கொருவர் எளிதாகப் பகிர வேண்டும் என்பதே அவருடைய கவலை. அந்தச் சூழலில் ஃபோல்டரைத் திறந்து காட்டுவதே இயல்பு. 1995இல் வெளிவந்த அப்பாச்சி சர்வரும் இந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தது.

திறந்த பட்டியலின் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சென்னை ஐஐடி, லினக்ஸ் மென்பொருள்களின் நகல்களை வைத்து ஒரு ‘மிரர்’ சர்வரை நடத்தியது. டெபியன், உபுண்டு போன்றவற்றின் கோப்புகளை வெளிநாட்டிலிருந்து இறக்காமல் உள்நாட்டிலேயே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இத்தகைய மிரர்களில் அலங்காரப் பக்கங்கள் தேவையில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கி, பதிப்பு எண்ணையும் தேதியையும் பார்த்து, வேண்டிய கோப்பை எடுத்தால் போதும். புதிய கோப்பு வந்தால் பட்டியலில் தானாகத் தெரியும். யாரும் பக்கத்தைத் திருத்த வேண்டியதில்லை. கணினி நிரல்களும் இந்தப் பட்டியலைப் படித்து, மாறியவற்றை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டு நிறுவனத்தின் ‘விலை’ ஃபோல்டர் இந்த வகையைச் சேர்ந்தது. அன்றன்று விலைத்தாளைப் போட்டால் போதும். பட்டியல் தானே வளரும். பழைய விலையைத் தேடும் விவசாயிக்கு அதுவே ஆவணக் காப்பகம்.

திறந்து கிடந்தால் என்ன நடக்கும்

‘யாருக்கும் இந்த முகவரி தெரியாது, எப்படிப் பார்ப்பார்கள்?’ என்பது வழக்கமான கேள்வி. தேடுபொறிகள்தான் பதில். கூகுள் போன்றவற்றின் நிரல்கள் ஒரு லிங்கிலிருந்து அடுத்த லிங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். திறந்த பட்டியல் ஒன்றை அவை எட்டிவிட்டால், அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு லிங்க். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளடக்கத்தைப் படித்துச் சேர்த்துக்கொள்ளும். பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கும் பெயர்கூடத் தேடலில் வந்துவிடும். எல்லாப் பட்டியல்களும் ஒரே மாதிரித் தலைப்போடு வருவதால், அந்தத் தலைப்பை வைத்தே திறந்த ஃபோல்டர்களைத் தேடிப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

2016 டிசம்பரில் மும்பையில் இது நடந்தது. அங்குள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தின் தளத்தில் நோயாளிகளின் பல்லாயிரம் பரிசோதனை முடிவுகள் கடவுச்சொல் எதுவுமின்றி யாரும் பார்க்கும்படி கிடந்தன; தேடுபொறியிலும் ஏறியிருந்தன. எச்ஐவி பரிசோதனை முடிவுகளும் அவற்றில் இருந்தன. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் இதைப் பற்றி எழுதிய பிறகே பரவலாகத் தெரிய வந்தது. எந்தப் பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள் உலகத்துக்கே திறந்திருக்கிறது என்று அந்த நோயாளிகளுக்குத் தெரியவும் தெரியாது. அமைப்பில் விட்ட கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவர் எப்போதும் அந்தக் கோப்பில் பெயர் உள்ளவர்தான்.

தனிப்பட்ட தாள்கள் மட்டுமல்ல, வேறு சில கோப்புகளும் பட்டியல் வழியே கசிகின்றன. தளத்தை நடத்துபவர் அவசரத்துக்கு எடுத்து வைத்த பேக்கப், டேட்டாபேஸின் முழு நகல், பழைய அமைப்புக் கோப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. டேட்டாபேஸின் கடவுச்சொல் அவற்றில் அப்படியே எழுதியிருக்கும். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, முக்கியமான பத்து அபாயங்களைப் பட்டியலிடுகிறது. 2021இல் வந்த அதன் பதிப்பில் ‘தவறான பாதுகாப்பு அமைப்பு’ ஐந்தாம் இடத்தில் இருக்கிறது. மூடாமல் விட்ட கோப்புப் பட்டியலை அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே அது காட்டுகிறது.

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உள் ஃபோல்டர்கள் சிலவற்றில் வெறும் முகப்புக் கோப்பு ஒன்றை வேர்ட்பிரஸே வைத்து, பட்டியல் தெரியாமல் செய்துவிடுகிறது. படங்களும் பிடிஎஃப்களும் சேரும் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் அப்படி வைப்பதில்லை. ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் பிரித்து எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. சர்வரில் பட்டியல் திறந்திருந்தால் மாதவாரியாக எல்லாமே தெரியும்.

மூடும் முறை

கீழே வரும் கட்டளைகளைக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கே தரப்பட்டிருப்பது அவற்றின் உச்சரிப்பு.

உபுண்டு, டெபியன் லினக்ஸில் அப்பாச்சியை நிறுவினால், தளக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குப் பட்டியல் அனுமதி திறந்த நிலையிலேயே வருகிறது. முதன்மை அமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் இண்டெக்ஸஸ் ஃபாலோசிம்லிங்க்ஸ்’ என்ற வரியைக் காணலாம். ‘இண்டெக்ஸஸ்’ என்ற சொல்தான் பட்டியலுக்கான அனுமதி. அதை நீக்கினாலோ, தளத்துக்கான பகுதியில் ‘ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்’ என்று எழுதினாலோ பட்டியல் மூடிவிடும். உள் ஃபோல்டர்களுக்கும் அதுவே செல்லும்.

இந்த வரியில் கழித்தல் குறி முக்கியம். குறியோடு எழுதினால் அந்த ஓர் அனுமதி மட்டும் நீங்கும். மற்றவை அப்படியே இருக்கும். குறியில்லாமல் எழுதினால் மேலிருந்து வந்த அனுமதிகள் எல்லாம் அழிந்து, எழுதியது மட்டும் நிற்கும். ஒரே வரியில் குறியுள்ளதையும் குறியில்லாததையும் கலந்து எழுதினால் அப்பாச்சி 2.4 அதைப் பிழை என்று சொல்லித் தொடங்கவே மறுத்துவிடும். ஆகவே கோப்பைத் திருத்தியதும் அப்பாச்சியின் ‘கான்ஃபிக்டெஸ்ட்’ கட்டளையால் பிழை பார்த்துவிட்டு, பிறகே சர்வருக்கு ‘ரீலோடு’ கொடுக்க வேண்டும்.

முதன்மைக் கோப்பைத் தொட முடியாதவர்கள் ஃபோல்டருக்குள் ‘.எச்டிஅக்சஸ்’ என்ற கோப்பை வைத்து அதே வரியை எழுதலாம். சர்வரில் ‘அலவ்ஓவர்ரைடு’ என்ற அனுமதி இருந்தால்தான் அந்தக் கோப்பு செல்லும். ‘நன்’ என்று இருந்தால் சர்வர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. பிழை என்றும் சொல்லாது. மூடிவிட்டோம் என்று எழுதியவர் நம்பிக்கொண்டிருக்க, பட்டியல் திறந்தே கிடக்கும்.

என்ஜின்எக்ஸ் சர்வரில் நிலைமை நேர்மாறு. ‘ஆட்டோஇண்டெக்ஸ்’ என்ற அமைப்பு தொடக்கத்திலேயே ‘ஆஃப்’ நிலையில் இருக்கும். யாராவது ‘ஆன்’ என்று எழுதினால்தான் பட்டியல் தெரியும். திறக்க வேண்டிய ஃபோல்டருக்கான ‘லொகேஷன்’ பகுதிக்குள் மட்டும் அதை எழுதுவது நல்லது. தளம் முழுவதற்குமான இடத்தில் எழுதினால் எல்லா ஃபோல்டரும் திறந்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரிலும் ‘டைரக்டரி பிரவுசிங்’ மூடிய நிலையில்தான் வருகிறது.

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் சொந்த சர்வர் வைத்திருப்பதில்லை. ஹோஸ்டிங் வாங்கி, சிபேனல் போன்ற நிர்வாகப் பக்கம் வழியாகத் தளத்தை நடத்துகின்றன. சிபேனலில் ‘இண்டெக்ஸஸ்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ‘நோ இண்டெக்சிங்’ என்று குறித்தால் போதும். கோப்பு எதையும் கையால் திருத்த வேண்டியதில்லை.

வெற்று ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ கோப்பு ஒன்றை ஃபோல்டரில் போட்டு வைப்பதும் ஒரு வழியே. ஆனால் அது அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் மறைக்கும். அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களுக்குத் தனித்தனியே போட வேண்டும். நாளை புதிதாக ஒரு ஃபோல்டர் வந்தால் அங்கே போட மறந்துவிடும். அமைப்பு வரியை மாற்றுவதே நிலையான வழி.

பட்டியலை மூடுவது வேறு, கோப்பைப் பூட்டுவது வேறு

பலரும் தவறிப்போகும் இடம் இதுதான். பட்டியலை மூடினால் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் முழு முகவரியைத் தட்டினால் கோப்பு அப்படியே திறக்கும். ‘கணக்கு’ ஃபோல்டரில் ஆதார் நகல்களுக்கு 101, 102, 103 என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தால், ஒன்றைப் பார்த்தவர் மற்றதை எண்ணை மாற்றியே எடுத்துவிடுவார்.

நூல்களுக்கு வரிசை எண் வைப்பது நல்ல பழக்கம். 1998 பொங்கலன்று தொடங்கி, தமிழ் இலக்கியங்களை மின்னுருவில் இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டம் தன் கோப்புகளின் பெயரில் நான்கு இலக்க வரிசை எண்ணைச் சேர்த்திருக்கிறது. எந்த நூலுக்கும் மாறாத முகவரி கிடைக்கிறது. மேற்கோள் காட்டுபவருக்கு வசதி. எல்லோருக்கும் கொடுப்பதற்கு உதவும் அதே பண்பு, மறைக்க வேண்டியதற்கு எதிராகத் திரும்பிவிடும்.

அரைகுறைப் பாதுகாப்பாக நின்றுவிடும் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அப்பாச்சியின் ‘இண்டெக்ஸ்இக்னோர்’ என்ற வரி, குறிப்பிட்ட கோப்புகளைப் பட்டியலில் காட்டாமல் விடும். ஆனால் அந்தக் கோப்புகளைத் திறக்கத் தடையில்லை. ‘ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பு, இந்த ஃபோல்டருக்குள் வர வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும். மதிப்பவை மதிக்கும், மற்றவை மதிக்காது. அந்தக் கோப்பை யாரும் படிக்கலாம் என்பதால், மறைக்க நினைத்த ஃபோல்டரின் பெயரை அதில் எழுதுவது அந்தப் பெயரைத் தானே அறிவிப்பதாகிவிடும்.

தனிப்பட்ட கோப்புகளுக்கு உரிய வழிகள் வேறு. முதலாவது, அவற்றைத் தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே வைப்பது. சர்வர் வெளியுலகுக்குக் காட்டும் எல்லைக்குள்ளேயே அவை இல்லையென்றால் எந்த முகவரியாலும் எட்ட முடியாது. இரண்டாவது, உரியவர் உள்நுழைந்து கேட்டால் மட்டும், அவருக்கு அந்தக் கோப்பைப் பார்க்க உரிமை உண்டா என்று சோதித்து, நிரல் வழியாகத் தருவது. மூன்றாவது, ஃபோல்டருக்கே கடவுச்சொல் வைப்பது; அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் மட்டும் பயன்படுத்தும் ஃபோல்டருக்கு இது போதும். எடுத்துக்காட்டு நிறுவனத்தின் ‘கணக்கு’ ஃபோல்டருக்கு முதல் வழியே சரி. வங்கிப் புத்தக நகலும் ஆதார் நகலும் இணையதள ஃபோல்டருக்குள் இருக்க எந்தத் தேவையும் இல்லை.

திறந்து வைப்பதானால் நன்றாகத் திறப்பது

‘விலை’ ஃபோல்டரைத் திறந்து வைப்பது என்று முடிவெடுத்த பிறகு, பட்டியல் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ‘ஏலக்காய்’ என்ற சொல்லில் ஏ, ல, க, புள்ளி, க, துணைக்கால், ய, புள்ளி என எட்டுக் குறியீடுகள். மொத்தம் 24 பைட். அப்பாச்சியின் விரிவான பட்டியலில் பெயருக்கான அகலம், வேறெதுவும் சொல்லாவிட்டால், 23 பைட்தான். அதைத் தாண்டும் பெயரை அது 20 பைட்டில் வெட்டி, கடைசியில் இரண்டு புள்ளியும் ஓர் அம்புக்குறியும் போட்டுவிடும். ‘ஏலக்கா’ என்பதோடு 18 பைட் முடிகிறது. மீதி இரண்டு பைட் ‘ய’ என்ற எழுத்தின் உடைந்த துண்டு. பிரவுசரில் அது கேள்விக்குறி போன்ற அடையாளமாகத் தெரியும். ‘இண்டெக்ஸ்ஆப்ஷன்ஸ்’ வரியில் ‘நேம்விட்த்=*’ என்று சேர்த்தால் பெயர் முழுதாக வரும்; ‘சார்செட்=யுடிஎஃப்-8’ என்று சேர்த்தால் எழுத்து சிதையாது. உபுண்டு, டெபியனில் இவை இரண்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. வேறு இடங்களில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பெயருள்ள முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல நேரம் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக மாறிவிடும். ‘ஏலக்காய்’ என்ற ஒரே சொல் 72 எழுத்துக் கோவையாக நீண்டு நிற்கும். லிங்க் வேலை செய்யும், படிக்க முடியாது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் அது 85 குறியீடு.

வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின்படி வராது. சர்வர் யூனிகோடு எண்களின்படி அடுக்குகிறது. நெடுங்கணக்கில் கடைசியாக வரும் ‘ன’ அங்கே ‘ந’வுக்கு அடுத்து நிற்கும், ‘ற’ என்பது ‘ர’வை ஒட்டி நிற்கும். தமிழ் அகராதி பார்த்துப் பழகியவர் தேடும் இடத்தில் கோப்பு இருக்காது. நாள்வாரிக் கோப்புகளுக்கு இதற்கு நல்ல தீர்வு, பெயரின் தொடக்கத்தில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது. 2025-08-14 என்று தொடங்கினால் பட்டியல் தானாகக் கால வரிசையில் நிற்கும். 14-08-2025 என்று தொடங்கினால் எல்லா மாதத்து 14ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். லாட் எண்களுக்கும் இப்படியே: சாதாரண வரிசையில் லாட்-10 என்பது லாட்-2க்கு முன்னால் வந்துவிடும். அப்பாச்சியின் ‘வெர்ஷன்சார்ட்’ இதைச் சரியாக்கும். 002, 010 என்று முன்னால் பூச்சியம் போட்டால் எந்தச் சர்வரிலும் ஒழுங்காக நிற்கும்.

என்ஜின்எக்ஸ் பட்டியலில் நேரம், தனியாகச் சொல்லாவிட்டால், உலகப் பொது நேரத்தில் தெரியும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆகஸ்ட் 15 விடியற்காலை நான்கு மணிக்கு ஏற்றிய விலைத்தாள், ஆகஸ்ட் 14 இரவு பத்தரை என்று காட்டும். நாள் விலையைத் தேடுபவருக்கு இது குழப்பம். சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்தால், ‘ஆட்டோஇண்டெக்ஸ்_லோக்கல்டைம்’ என்பதை ‘ஆன்’ செய்தால் சரியாகிவிடும்.

பட்டியலின் தலையில் விளக்கம் எழுதவும் அப்பாச்சியில் இடம் இருக்கிறது. ‘ஹெடர்நேம்’ வரியில் குறிப்பிடும் கோப்பு பட்டியலுக்கு மேலேயும், ‘ரீட்மிநேம்’ வரியில் குறிப்பிடும் கோப்பு கீழேயும் வரும். எந்த ஏலத்தின் விலை, எந்த அலகில், எந்த நேரத்தில் புதுப்பிக்கப்படும் என்று நான்கு வரி எழுதி வைத்தால், வெறும் பெயர் வரிசை பயனுள்ள ஒரு பக்கமாகிவிடும். ‘ஆட்டோஇண்டெக்ஸ்_ஃபார்மட்’ என்பதை ‘ஜேசன்’ என்று வைத்தால், என்ஜின்எக்ஸ் அதே பட்டியலைச் செயலிகள் படிக்கும் வடிவில் தரும். விலைச் செயலி எழுத நினைக்கும் இளைஞருக்கு அது உதவும்.

சரிபார்ப்பும் சட்டமும்

அமைத்து முடித்ததும் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பிரவுசரின் தனிப்பட்ட ஜன்னலில், உள்நுழையாமல், ஒவ்வொரு ஃபோல்டர் முகவரியையும் சாய்கோட்டோடு தட்டிப் பார்க்க வேண்டும். மூடியதில் 403 வர வேண்டும். திறந்ததில் பட்டியல் வர வேண்டும். அடுத்து, மூடிய ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பின் முழு முகவரியைத் தட்ட வேண்டும். அது திறந்தால் பூட்டு இன்னும் போடவில்லை என்று பொருள். கூகுளில் தளத்தின் பெயரோடு ‘சைட்’ என்ற குறிப்பைச் சேர்த்துத் தேடினால், ஏற்கெனவே என்னென்ன ஏறியிருக்கின்றன என்று தெரியும். வேண்டாதது ஏறியிருந்தால் முதலில் சர்வரில் கோப்பை அகற்றிவிட்டு, பிறகு கூகுளின் சர்ச் கன்சோல் வழியாக நீக்கக் கோர வேண்டும். அந்த நீக்கம் ஏறக்குறைய ஆறு மாதம்தான் நிற்கும் என்பதால், கோப்பை அகற்றாமல் கோரிக்கை மட்டும் வைப்பதில் பயனில்லை. சர்வரை மாற்றும்போதும், புதிய பதிப்புக்குப் போகும்போதும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய சர்வரில் மூடியிருந்தது புதியதில் திறந்தபடி வரலாம்.

இது இப்போது சட்டக் கடமையும் ஆகிறது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவை வைத்திருப்பவர் அதைக் காக்கத் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. அதில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தொழிலாளியின் ஆதார் நகலை வாங்கி வைத்திருக்கும் சிறு நிறுவனமும் அந்தப் பொறுப்புக்கு வெளியே இல்லை.

ராசிங்காபுரத்து எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு இதையெல்லாம் சேர்த்தால் முடிவு இப்படி அமையும். தளம் முழுவதற்கும் பட்டியலை மூடிவிட்டு, ‘விலை’ ஃபோல்டருக்கு மட்டும் திறப்பது. ‘படங்கள்’ ஃபோல்டரில் பட்டியல் தேவையில்லை. பக்கங்களின் வழியே படங்கள் தெரிந்தால் போதும். ‘கணக்கு’ ஃபோல்டரைத் தளத்திலிருந்தே எடுத்து, கடவுச்சொல்லுள்ள வேறு இடத்தில் வைப்பது. எல்லாவற்றையும் மூடி வைத்து, தேவையானதை மட்டும் பெயர் சொல்லித் திறப்பது என்ற இந்த வரிசையைப் பின்பற்றினால், மறதியால் ஏதாவது விட்டுப்போனாலும் அது மூடிய பக்கத்தில்தான் நிற்கும்.